கையெழுத்துக்கு முந்தைய பொழுது

1975 ஜூன் 25 இரவு ராஷ்டிரபதி பவனுக்குப் போன அந்தக் கடிதத்தைக் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது எத்தனை முறை படித்திருப்பார்? நெருக்கடி நிலை பற்றிய நினைவுக் குறிப்புகளையும் விசாரணை அறிக்கைகளையும் புரட்டுகிறவருக்கு, சிறைக்குப் போனவர்களின் கதைகளுக்கும் தணிக்கைக்கு ஆளான நாளிதழ்களின் கதைகளுக்கும் நடுவே, இந்தச் சின்னக் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கும். கடிதம் நீளமானதில்லை. நாட்டின் உள்பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. இதை அமைச்சரவையில் வைக்கவே விரும்பினேன், இன்றிரவு அது முடியவில்லை. விதியைத் தளர்த்த எனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு தளர்த்திக்கொள்கிறேன். நாளைக் காலை முதல் வேலையாக அமைச்சரவையில் சொல்லிவிடுகிறேன் என்பதுதான் இந்திரா காந்தி எழுதியதன் சாரம். நள்ளிரவு நெருங்கும் வேளையில் அகமது கையெழுத்திட்டார். தில்லி பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் நின்றது. காலை ஆறு மணிக்கு அமைச்சரவை கூடியபோது ஜெயப்பிரகாஷ் நாராயண் கைதாகியிருந்தார்.

அகமது கோழை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவர் வாழ்க்கை அதற்கு இடம் தரவில்லை. கேம்பிரிட்ஜில் படித்த பாரிஸ்டர். 1938இல் கோபிநாத் பர்தோலாய் அமைத்த அசாம் அமைச்சரவையில் நிதியமைச்சர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது பிடிபட்டு, பாதுகாப்புக் கைதியாக மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர். விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்துவைப்பது என்றால் என்ன என்பதை உடம்பால் அறிந்த மனிதர். அந்தக் கையே ஜூன் 27 அன்று, அரசியலமைப்பின் 14, 21, 22 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளைக் கேட்டு நீதிமன்றம் போகும் வழியை அடைக்கும் ஆணையிலும் ஒப்பமிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் அபு ஆபிரகாம் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் கிடந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு, கதவு வழியே நீளும் கையில் அதைக் கொடுக்கிறார். அகமதின் நீண்ட பொதுவாழ்வை அந்தத் தொட்டி விழுங்கிவிட்டது. 1977 பிப்ரவரி 11இல் பதவியில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார். நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் அமைக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். அன்றிரவு அவர் மனதில் என்ன ஓடியது என்பதை அவர் வாயால் கேட்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை.

தலைமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மாதிரி மனிதர்களிடம் வருவதில்லை. லிங்கன், சர்ச்சில், மண்டேலா, லீ குவான் யூ என்று முடிவெடுத்தவர்களின் வரிசையே திரும்பத் திரும்ப வருகிறது. போர் தொடங்கியவர், நிறுத்தியவர், நகரம் எழுப்பியவர், மன்னித்தவர். அடுத்தவர் எடுத்த முடிவில் பெயரை எழுதும் வேலையில் இருப்பவரிடம் கற்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் பதவி என்று ஒன்றில் உட்காரும் பெரும்பாலானவர்களின் நாள் அப்படித்தான் கழிகிறது. தலைமையாசிரியர், வங்கிக் கிளை மேலாளர், துறைச் செயலர், பஞ்சாயத்துத் தலைவர் எல்லோருக்கும் எங்கோ தயாரான தாள் மேசைக்கு வருகிறது. கொண்டுவந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார். எங்கே கையெழுத்து என்று பென்சிலில் ஏற்கெனவே குறித்திருக்கிறது. வெறும் சம்பிரதாயம் என்று எல்லோரும் எண்ணும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க, இந்தியக் குடியரசுத் தலைவர்களின் வரலாற்றைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது.

அகமது அன்று மறுத்திருக்க வேண்டும் என்பது இங்கே வாதமில்லை. பிரதமரை எதிர்த்து நிற்பதற்கான பதவி அது இல்லை என்று ராஜேந்திர பிரசாத் காலத்திலிருந்தே அட்டர்னி ஜெனரல் சீதல்வாட் போன்றவர்கள் சொல்லிவந்தார்கள். 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்றார்கள். ஆனால் அந்த ஆலோசனை அன்றிரவு எங்கே இருந்தது? அமைச்சரவை கூடவில்லை என்பதைக் கடிதமே சொல்லியது. ஒரே ஒரு கேள்வி போதும்: அமைச்சரவையின் முடிவு வரட்டுமே? அதில் கலகம் எதுவும் இல்லை. அரசியலமைப்பு அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அது.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தச் சந்தேகத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். விடிந்ததும் கூடிய அமைச்சரவை எதிர்ப்பு ஏதும் இல்லாமல் ஒப்புக்கொண்டது. ஆறு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். நெருக்கடி நிலை வந்தே தீர்ந்திருக்கும். கைதுகளும் நடந்திருக்கும். ஆனாலும் அந்த ஆறு மணி நேரத்தை ஒன்றுமில்லை என்று தள்ளவும் மனம் வரவில்லை. கையெழுத்து வாங்கிவந்துவிட்ட பிரதமர் முன் உட்கார்ந்திருக்கும் அமைச்சர்களும், கையெழுத்து இன்னும் ஆகவில்லை, நம்மைக் கேட்டுவரச் சொல்லியிருக்கிறார் என்று அறிந்த அமைச்சர்களும் ஒரே மாதிரி வாய்மூடி இருந்திருப்பார்களா? பதில் யாருக்கும் தெரியாது. தெரியும் வாய்ப்பை அந்தக் கையெழுத்து எடுத்துக்கொண்டது.

1978இல் வந்த 44ஆவது திருத்தத்தைப் படிக்கும்போது, அதை எழுதியவர்களையும் இதே முள் குத்தியிருக்கும் என்று தோன்றுகிறது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கக் கூடாது என்று அதில் சேர்த்தார்கள். அன்று கேட்கப்படாத கேள்வியைச் சட்டமே கேட்கும்படி ஆயிற்று. கூடவே இன்னொன்றும் தந்தார்கள். அமைச்சரவையின் ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். மீண்டும் வந்தால் அதன்படி நடந்தாக வேண்டும். இதை அதிகாரம் என்று சொல்வதுகூட மிகை. கொஞ்சம் அவகாசம், அவ்வளவே.

கே.ஆர். நாராயணன் அந்த அவகாசத்தை எடுத்துக்கொண்டார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கு கோரியபோது, உறுப்பினர்கள் மேசையிலிருந்த ஒலிவாங்கிகளைப் பிடுங்கி ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆளுநர் ரொமேஷ் பண்டாரி ஆட்சியைக் கலைக்கச் சொன்னார். குஜ்ரால் அமைச்சரவை அப்படியே பரிந்துரைத்தது. இரத்தம் வழிந்த அந்தக் காட்சிகளைப் பார்த்த எவருக்கும் கலைப்பது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் பெரும்பான்மை அவையில்தான் நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கல்யாண் சிங் அவையில் நிரூபித்துவிட்டார். நாராயணன் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பரிந்துரையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வாஜ்பாய் அரசு பிகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைத்தபோது அதையும் திருப்பினார். ஒருமுறை பா.ஜ.க. முதல்வருக்குச் சாதகம், மறுமுறை பா.ஜ.க. அரசுக்குப் பாதகம். இரு பக்கமும் ஒரே அளவுகோல்.

கோட்டயம் மாவட்டத்து உழவூரில் ஓலைக் குடிசையில் பிறந்து, பள்ளிக்கு மைல்கணக்கில் நடந்து, லண்டனில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்த தலித் ஒருவர் அந்த இடத்தில் இருந்தது தற்செயல் என்று விட்டுவிட முடியாது. மேலிருந்து வரும் தாளைத் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளும்படி பழக்கப்பட்ட சமூகத்தில், தாளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் உரிமையை அவர் போராடிப் பெற்றவர். 1998 பொதுத் தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தார். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் ஒருவர் பொதுத் தேர்தலில் வாக்களித்தது அதுதான் முதல்முறை. யாருக்கும் பெரும்பான்மை இல்லாத அந்தத் தேர்தலுக்குப் பின், ஆதரவுக் கடிதங்களைக் கேட்டு வாங்கிய பிறகே வாஜ்பாயை அழைத்தார்; ஏன் அழைக்கிறேன் என்று மக்களுக்கு ஓர் அறிக்கையும் வெளியிட்டார். இதில்தான் அவர் தனித்து நிற்கிறார். தாமதித்தார் என்பதைவிட, தாமதித்ததற்கான காரணத்தை வெளியே சொன்னார் என்பது பெரிது.

பிகார் கதை அங்கே முடியவில்லை. 1999 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஜெகனாபாத் மாவட்டத்தில் சங்கர்பிகா, நாராயண்பூர் கிராமங்களில் ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளர்களின் ஆயுதப் படையான ரண்வீர் சேனையினர் தலித் மக்களைக் கொன்றார்கள். அமைச்சரவை மறுபடியும் பரிந்துரைத்தது. இம்முறை நாராயணன் கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் ஆதரவு இல்லாததால் மார்ச்சில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு ராப்ரி தேவி மறுபடி முதல்வரானார். செப்டம்பரில் அவர் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள் பிழைத்திருப்பார்களா? அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ரண்வீர் சேனை எந்த ஆட்சிக்கும் காத்திருந்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிட்டிருக்காது என்று நம்பத் தோன்றுகிறது. சரியான காரணத்துக்காக நிறுத்தப்பட்ட கையெழுத்துக்கும் விலை இருக்கலாம் என்பதை மறந்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

காரணம் சொல்லாத தாமதத்துக்கு ஜைல் சிங் இருக்கிறார். 1986இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த அஞ்சலகத் திருத்த மசோதா, குடிமக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்குப் பரந்த அதிகாரம் தந்தது. இரு அவைகளும் நிறைவேற்றிவிட்டன. ஜைல் சிங் ஒப்புதல் தரவில்லை; மறுக்கவில்லை; திருப்பியும் அனுப்பவில்லை. 111ஆவது பிரிவு காலக்கெடு எதுவும் வைக்காததால் மசோதா அவர் மேசையிலேயே கிடந்தது. 1987 ஜூலையில் அவர் பதவி முடிந்து போனார். மசோதா சட்டமாகவே இல்லை. இந்திரா சொன்னால் துடைப்பம் எடுத்துப் பெருக்கவும் தயார் என்று பதவிக்கு வரும்போது பேசியவர் செய்த காரியம் இது. நடுவில் 1984 இருக்கிறது. முப்படைகளின் தலைமைத் தளபதி என்று பெயர் இருந்தும் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைவது தமக்கு முன்னதாகச் சொல்லப்படவில்லை என்றார். இந்திரா சுடப்பட்ட அன்று மருத்துவமனைக்குப் போன அவர் கார்மீதே கல் விழுந்தது. ராஜீவோடு பேச்சுவார்த்தையே அறுந்துபோயிருந்த நிலையில், அந்த மசோதாவை நிறுத்தியது கடிதம் எழுதும் சாதாரண மனிதர்மேல் உள்ள அக்கறையா, மனக்கசப்பா? ஃபரீத்கோட் சமஸ்தானத்தில் அரசரை எதிர்த்துச் சிறையில் ஆண்டுகள் கழித்தவர் என்பதால் முன்னதை நம்ப ஆசையாக இருக்கிறது. அவர் காரணத்தை எழுதிவைத்திருந்தால் இந்த ஐயத்துக்கே இடமிருக்காது. அடுத்து வருகிறவர்களுக்கும் அது பிடிமானமாக இருந்திருக்கும். 2023இல் புதிய அஞ்சலகச் சட்டம் கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தோடு நிறைவேறியபோது, 1986இன் நினைவு யாரையும் தடுக்கவில்லை.

மௌனமான தாமதம் எவ்வளவு கொடியதாக முடியும் என்பதைத் தமிழகம் அறியும். ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவரின் கருணை மனுக்கள் 2000இல் தில்லிக்குப் போயின. உள்துறை அமைச்சகத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், பிறகு ராஷ்டிரபதி பவனில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல். 2011 ஆகஸ்டில் பிரதிபா பாட்டீல் நிராகரித்தார். வேலூர் சிறையில் நாள் குறித்தார்கள். காஞ்சிபுரத்தில் ஓர் இளம்பெண் தீக்குளித்து இறந்தார். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2014 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம், விளக்கமில்லாத இந்தத் தாமதத்தையே காரணமாக வைத்துத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒவ்வொரு காலையும் கொட்டடியில் பூட்டுத் திறக்கும் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், பேனாவை நிறுத்துவது பற்றிய புகழுரை எல்லாம் தொண்டையில் சிக்குகிறது. நாராயணனும் தம் ஐந்தாண்டுகளில் கருணை மனுக்கள் பலவற்றில் முடிவு சொல்லாமலே போனார். ஆட்சிக் கலைப்பில் காரணங்களை வெளியே வைத்தவர், உயிர் பற்றிய கோப்புகளில் பேசாமலிருந்தார். உயிரைப் பறிக்கும் ஒப்பத்துக்கு மனம் ஒப்பவில்லை என்றால், குறைக்கலாம் என்று ஆலோசனையைத் திருப்பி எழுதும் வழி அவருக்கு இருந்தது.

பெல்ஜியத்தின் போதுவேன் அரசர் 1990 ஏப்ரலில் வேறொரு வழி கண்டார். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் கையெழுத்திட மனசாட்சி இடம் தரவில்லை என்று பிரதமருக்கு எழுதினார். மக்களாட்சியின் முடிவைத் தடுக்கவும் விரும்பவில்லை என்றார். அவர் ஆள இயலாத நிலையில் இருப்பதாக அறிவித்து, அமைச்சர்களே கூடிக் கையெழுத்திட்டார்கள். ஓரிரு நாளில் நாடாளுமன்றம் அவரை மறுபடி அரியணையில் அமர்த்தியது. அவர் கருத்தை ஏற்காதவர்களும், நிலைப்பாட்டை ஒளிக்காத அந்த நேர்மையை மதிக்கலாம்.

ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவர் பதவியை அவசரகால விளக்குக்கு ஒப்பிட்டார். மின்சாரம் போனால் தானே எரியும், வந்தால் அணைந்துவிடும். பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்து, காமராஜர் அமைச்சரவையில் தமிழ்நாட்டுக்குத் தொழிற்பேட்டைகளைக் கொண்டுவந்தவர், சட்டம் அறிந்தவர். அவர் காலத்தில்தான் 1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். அறிக்கை இல்லாமலும் கலைக்கலாம் என்று 356ஆவது பிரிவு தரும் இடத்தைக் காங்கிரஸ் தயவில் நின்ற சந்திரசேகர் அரசு பயன்படுத்தியது. திருப்பி அனுப்பும் உரிமை வெங்கட்ராமனிடம் இருந்தது. எழுத்தளவில் அவர் செய்தது தவறாகாது. ஆனால் மாநிலத்தில் இருந்து பார்த்த ஆளுநரே எழுத மறுத்த ஒன்றை, தில்லியில் இருந்தபடி ஏற்றுக்கொண்டது ஏன் என்ற கேள்வி பதிலின்றி நிற்கிறது. 1976 ஜனவரி 31இல் இதே தி.மு.க. ஆட்சியைக் கலைத்த ஆணையில் இருந்தது அகமதின் கையெழுத்து. அன்றாவது ஆளுநரின் அறிக்கை ஒன்று இருந்தது.

மாநிலங்களிலும் இதே மேசை இருக்கிறது. தமிழ்நாட்டு ஆளுநர் கிடப்பில் போட்ட மசோதாக்கள் பற்றி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் காலக்கெடு விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள், அப்படிக் காலக்கெடு விதிக்க நீதிமன்றத்தால் இயலாது என்றார்கள். எவ்வளவு நேரம், என்ன காரணம் என்பது பெருமளவு மறுபடியும் நாற்காலியில் இருப்பவரிடமே வந்துவிட்டது.

அப்துல் கலாமிடம் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. 2005 மே மாதம் அவர் மாஸ்கோவில் இருந்தார். பிகார்த் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. சட்டமன்றம் ஒருமுறைகூடக் கூடவில்லை. ஆட்சி அமைக்கக் குதிரை பேரம் நடப்பதாக ஆளுநர் பூட்டா சிங் எழுத, இரவோடு இரவாக அமைச்சரவை கூடிக் கலைக்க முடிவெடுத்து மாஸ்கோவுக்குத் தொலைநகல் அனுப்பியது. நள்ளிரவு தாண்டிக் கலாம் ஒப்பமிட்டார். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, இன்னோர் இரவு, இன்னொரு அவசரம். ஒரு வேறுபாடு உண்டு. தீர்ப்பு வந்ததும் பதவி விலகக் கடிதம் எழுதியதாகவும், மன்மோகன் சிங் வேண்டிக்கொண்டதால் கைவிட்டதாகவும் கலாமே பின்னாளில் தம் நூலில் எழுதினார். அகமதுக்குக் கிடைக்காத அந்தச் சொல்லும் வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை.

தீர்ப்புக்கு ஏறத்தாழ எட்டு மாதம் கழித்து, 2006 மே மாதம், ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதா அவரிடம் வந்தது. பதவியிழக்கும் நிலையில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர்களைக் காப்பாற்றப் பல பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்கு அளித்தது அது. பல கட்சிகளுக்கு அது வேண்டியிருந்தது. கலாம் திருப்பி அனுப்பினார். எது ஆதாயப் பதவி என்பதற்கு எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் நியாயமான, பொதுவான அளவுகோல் வேண்டும் என்று காரணம் எழுதினார். நாடாளுமன்றம் ஒரு சொல்லும் மாற்றாமல் அதையே மறுபடி நிறைவேற்றியது. ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டார், வேறு வழியில்லை. ஆனால் அவர் கேட்ட அளவுகோலை ஆராய, அதே ஆகஸ்டில் இரு அவைகளின் உறுப்பினர்களும் கொண்ட கூட்டுக் குழு ஒன்றை நாடாளுமன்றம் அமைத்தது.